செயற்கைக்கோளுக்கு முன் சோதனை மேசையைக் காட்டச் சொல்லுங்கள்

மாணவர் செயற்கைக்கோள் திட்டங்களை மதிப்பிட்டு அனுமதியும் நிதியும் வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் ஒரு மாணவர் செயற்கைக்கோள் அணியில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவன். ஆனால் அந்தச் செயற்கைக்கோளுக்குள் நான் செய்த பாகம் என்று எதுவும் இல்லை. அதில் ஒரு திருகைக்கூட நான் முடுக்கியதில்லை. நான் செய்ததெல்லாம் அதைச் சோதிக்கிற பெட்டிகள், கம்பிக் கட்டுகள், பாகங்களைப் பிடித்துவைக்கும் ஜிக்குகள், பொய்ப் பேட்டரி, பொய்ச் சூரியன் இவைதான். உங்கள் முன் நாங்கள் நான்கு முறை மதிப்பாய்வுக்கு வந்தோம். நான்கு முறையும் நான் அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள், சுற்றுப்பாதையைப் பற்றிக் கேட்டீர்கள், கால அட்டவணையைத் துருவித் துருவிக் கேட்டீர்கள். சோதனைக் கருவிகளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எங்கள் விளக்கப்படத்தில் அதற்கு இருந்தது ஒரே ஒரு கட்டம்தான். கடைசியிலிருந்து இரண்டாவது பக்கம், 'சோதனை: இரண்டு வாரம்' என்று.

அந்த இரண்டு வாரம் பதினான்கு மாதம் ஆனது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. எங்கள் அணியிலேயே சோதனைக் கருவி என்பது வேறு வேலை கிடைக்காதவர்களுக்குத் தரும் வேலையாகத்தான் இருந்தது. நான் அதில் சேர்ந்ததும் அப்படித்தான். ஆன்டெனா குழுவில் இடமில்லை என்றார்கள், சரி என்று இங்கே வந்தேன். ஆனால் எதைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று அணிக்குத் தெரியுமோ அதற்குத்தான் அணி நேரம் ஒதுக்கும். நீங்கள் கேட்காததை நாங்கள் செய்யவில்லை.

எங்கள் செயற்கைக்கோள் பத்து சென்டிமீட்டர் கனசதுரம். 1999-இல் ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் சேர்ந்து வகுத்த கியூப்சாட் அளவு. படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஒரு செயற்கைக்கோளை முழுதாகச் செய்து பார்க்க முடியவேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஆறு கியூப்சாட்டுகள் ஒரே ராக்கெட்டில் போயின. டோக்கியோ மாணவர்கள் செய்த ஒன்று பத்தாண்டுகளைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து ஒன்று, டென்மார்க்கிலிருந்து ஒன்று, இந்த இரண்டிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த இரண்டு அணிகளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அவர்களுக்கு முன்னால் நடந்து காட்டியவர் யாருமில்லை. ஆனால் அதற்குப் பிறகு போன மாணவர் செயற்கைக்கோள்களிலும் கணிசமானவை ஒருமுறைகூட வாய் திறக்காமலே போயிருக்கின்றன. இப்படிப் போனதில் எது பழுதென்று பெரும்பாலும் தெரியவே வராது. பேசாத பொருளிடம் எதைக் கேட்பது?

தரையில் இருக்கும்போதுதான் கேட்க முடியும். கேட்பதற்கு ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியைத்தான் நான் செய்தேன்.

செயற்கைக்கோளை மடிக்கணினியோடு இணைத்த ஒரு யூஎஸ்பி கம்பியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் ஆண்டின் நடுவில் எங்கள் மாதிரிச் செயற்கைக்கோள் மேசையில் விரித்துவைத்த நிலையில் அற்புதமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மின்சுற்றுப் போர்டுகளையும் அடுக்காமல், பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, கம்பியால் இணைத்து ஓட்டுவதை ஃப்ளாட்சாட் என்பார்கள். கட்டளை கொடுத்தால் பதில் வரும், படம் எடுக்கும், பேட்டரி வோல்ட்டைச் சொல்லும். மூன்று வாரம் ஒரு பிசகு இல்லை. அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "அண்ணா, அங்கே மேலே போனா இந்தக் கம்பி இருக்காதே, கழற்றிட்டுப் பார்க்கலாமா?"

கழற்றினோம். செயற்கைக்கோள் செத்துப்போனது.

செருகினால் உயிர் வரும், கழற்றினால் போகும். இரண்டு நாள் தேடி, காரணத்தைக் கண்டுபிடித்தோம். தலைமைக் கணினிச் சில்லில் பூட் பின் என்று ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் எந்த நினைவகத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்தப் பின்னின் நிலை தீர்மானிக்கும். அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க ஒரு மின்தடை வேண்டும். வரைபடத்தில் இருந்தது, போர்டில் சாலிடர் செய்யப்படவில்லை. அந்த வேலையை இத்தனை நாளாக எங்கள் டிபக்கர் கம்பி, அதாவது நிரலின் பிழை தேட மடிக்கணினியோடு இணைத்திருந்த அதே யூஎஸ்பி கம்பி, சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. காசுக்குப் பெறாத ஒரு சின்னத் துண்டு. அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் ராக்கெட்டிலிருந்து வெளியே வந்த நொடியிலிருந்து எங்கள் செயற்கைக்கோள் ஒரு அலுமினியக் கட்டிதான்.

இதே ஏமாற்று இன்னொரு வேடத்திலும் வரும். சீரியல் கம்பியின் சமிக்ஞைக் கோடு 3.3 வோல்ட்டில் நிற்கும். எதிர்முனையில் இருக்கும் சில்லுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தாலும், அந்தக் கோடு வழியாக, சில்லின் பாதுகாப்பு டயோடைத் தாண்டி மின்சாரம் உள்ளே கசியும். அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் போர்டு அரைத் தூக்கத்தில் விழித்தே இருக்கும். இதனால் நடந்த விசித்திரங்களை எழுதினால் தனி மடல் ஆகும். சுருக்கமாக, சோதனைக் கருவி செயற்கைக்கோளைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் தனிமைப்படுத்தும் சில்லு இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனி மின்சாரம், தனித்தனி தரைக்கோடு. இதைச் செய்ய எனக்கு ஒரு போர்டும் ஆறு வாரமும் ஆனது. அந்த ஆறு வாரத்தை நான் என்ன செய்தேன் என்று அணித் தலைவர் கேட்டபோது என்னால் ஒரு படம்கூடக் காட்ட முடியவில்லை. "முன்பு ஓடியது போலவே இப்போதும் ஓடுகிறது, ஆனால் இப்போது நம்பலாம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

செயற்கைக்கோளின் போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக 104 பின் கொண்ட கனெக்டரால் அடுக்கப்படும். ஒவ்வொரு பின்னையும் வெளியே இழுத்து அளப்பதற்காக ஒரு பிரிப்புப் போர்டு வடிவமைத்தேன். கனெக்டரின் படத்தை அடியிலிருந்து பார்ப்பதுபோல வரைந்துவிட்டேன். போர்டில் அது மேலிருந்து பொருந்தியது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலமானது, வலம் இடமானது. பேட்டரிக் கோடு 3.3 வோல்ட் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு மெல்லிய வாசனை. ரேடியோ போர்டு போயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை. மாற்றுப் போர்டு வர நான்கு மாதம். அந்த நான்கு மாதம் எங்கள் அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தோம். எந்தச் சோதனைக் கருவியும் முதலில் செயற்கைக்கோளைத் தொடக்கூடாது. முதலில் மல்டிமீட்டரால் 104 பின்னையும் ஒவ்வொன்றாகப் பீப் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வைக்க, இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்து வாசிக்க. அப்புறம் ஒரு பொம்மை போர்டு. அதே கனெக்டர், அதே அளவு, ஆனால் உள்ளே சில்லுக்குப் பதிலாக மின்தடைகளும் விளக்குகளும். எந்த விளக்கு எங்கே எரியவேண்டும் என்று போர்டிலேயே அச்சிட்டிருந்தோம். தவறான விளக்கு எரிந்தால் நிறுத்து. அதுவும் பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பை 50 மில்லியாம்பியரில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். கனெக்டரை எத்தனை முறை செருகிக் கழற்றலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே பறக்கப்போகும் கனெக்டருக்கும் எங்கள் கம்பிக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைத்துண்டு இருக்கும். தேய்ந்தால் அது தேயட்டும், செயற்கைக்கோளின் பின் தேயவேண்டாம். இந்தப் பொம்மை போர்டு, இடைத்துண்டு எதற்கும் எங்கள் நிதிக் கோரிக்கையில் ஒரு வரி கிடையாது. எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்காதீர்கள்.

பேட்டரி விஷயத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், ஏனென்றால் இதைவிட எளிதான ஒன்றை நான் செய்ததில்லை.

மேசையில் சோதிக்கும்போது எல்லோரும் ஆய்வகப் பவர் சப்ளையைத்தான் இணைப்பார்கள். அது உறுதியான பொருள். 5 ஆம்பியர் கேட்டாலும் வோல்ட் அசையாது. நிஜ பேட்டரி அப்படியில்லை, அதிலும் குளிர்ந்த பேட்டரி. குளிரில் லித்தியம் கலத்தின் உள்மின்தடை பல மடங்கு ஏறும். ஏவுகலத்திலிருந்து பிரிந்த பிறகு ஆன்டெனாவை விரிக்க 30 நிமிடம், ஒலிபரப்பத் தொடங்க 45 நிமிடம் பொறுக்கவேண்டும் என்பது கியூப்சாட் விதி. எங்கள் ஆன்டெனா நைலான் இழையால் கட்டிவைக்கப்பட்டிருந்தது. 30 நிமிடம் முடிந்ததும் ஒரு நிக்ரோம் கம்பி சூடாகி அந்த இழையை அறுக்கும். அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் 2 ஆம்பியர் இழுக்கும். உள்மின்தடை அரை ஓம் என்றாலே 2 ஆம்பியரில் ஒரு வோல்ட் இறங்கிவிடும். 3.7 வோல்ட்டில் 2.7 மிச்சம். 3.3 கேட்கும் கணினி அந்த இடத்திலேயே விழுந்து மறுபடி தொடங்கும். தொடங்கினால் என்ன செய்யும்? விதிப்படி 30 நிமிடம் காத்திருக்கும். பிறகு கம்பியைச் சூடாக்கும். மறுபடி விழும். ஒவ்வொரு சுற்றிலும் பேட்டரி இன்னும் கொஞ்சம் கரையும். ஆன்டெனா விரியாது, சத்தமும் வராது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்தது ஒரு தகரப் பெட்டி. பவர் சப்ளைக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே பெரிய மின்தடைகள், அவற்றை மாற்ற ஒரு திருகு சுவிட்ச். பூஜ்யத்திலிருந்து ஒரு ஓம் வரை படிப்படியாக வைக்கலாம், அவ்வளவுதான். 0.4 ஓமில் வைத்த உடனே எங்கள் செயற்கைக்கோள் மேலே சொன்ன சுழலில் மாட்டிக்கொண்டது. ஃபர்ம்வேர் (செயற்கைக்கோளுக்குள் ஓடும் நிரல்) எழுதும் குழு முதலில் நம்பவில்லை, பெட்டிதான் பழுது என்றார்கள். பேட்டரியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து நிஜமாகவே காட்டினோம். பிறகுதான் மாற்றினார்கள். எத்தனை முறை முயன்றோம் என்பதை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் குறித்துவைப்பது, சூட்டைத் தொடர்ச்சியாகக் கொடுக்காமல் சிறு சிறு துடிப்புகளாகக் கொடுப்பது, வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் முயற்சியையே தள்ளிப்போடுவது என்று. மூன்றும் சில வரி நிரல்தான்.

பொய்ச் சூரியனும் இதே சாதிதான். விளக்கு வைத்து ஒளியூட்டுவது வேறு, அது பேனல் சோதனை. எனக்கு வேண்டியது பேனல் போல நடந்துகொள்ளும் மின்சாரம். நிலையான மின்னோட்டம் தரும் சப்ளையின் குறுக்கே டயோடுகளை வரிசையாகக் கோத்தால் சூரிய மின்கலத்தின் வளைவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். முகத்துக்கு ஒன்றாக ஆறு செய்தேன். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 95 நிமிடம், அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். அந்தக் கணக்கில் ரிலேக்களை ஓட்டினோம். ஒரு நாளைக்குப் பதினைந்து விடியல், பதினைந்து அந்தி. முதல் வாரத்திலேயே சார்ஜர் சில்லு ஒரு விடியலில் பாதி விழித்து அப்படியே நின்றது. மேசையில் சுவிட்சைப் போட்டால் வோல்ட் சட்டென்று ஏறும், சில்லுக்கு அதில் குழப்பமில்லை. நிழலிலிருந்து மெதுவாக வெளிச்சத்துக்கு வரும்போது வோல்ட் தயங்கித் தயங்கி ஏறுகிறது. அதைச் சில்லால் தாங்க முடியவில்லை. இன்னொன்று, நிழலிலிருந்து வரும் பேனல் உறைந்துபோய் வரும். குளிர்ந்த சூரிய மின்கலம் வழக்கத்தைவிட அதிக வோல்ட் தரும். எங்கள் சார்ஜரின் உச்ச வரம்புக்கு அது எவ்வளவு அருகில் போனது என்று பார்த்தபோது எனக்கு வியர்த்தது.

நீண்ட நேரம் ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 2015 மே மாதம் பிளானட்டரி சொசைட்டியின் லைட்செயில் என்ற கியூப்சாட் விண்ணுக்குப் போய் இரண்டே நாளில் ஊமையானது. அது மாணவர் திட்டமல்ல, அனுபவசாலிகளின் வேலை. காரணம் ஒரு பதிவுக் கோப்பு. ஒவ்வொரு முறை பீக்கன் (தன் நிலையைச் சொல்லும் சிறு சமிக்ஞை) அனுப்பும்போதும் அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போய், 32 மெகாபைட்டைத் தாண்டியதும் கணினி உறைந்தது. எட்டு நாள் கழித்துத் தானாகவே மறுதொடக்கம் ஆகிப் பிழைத்தது. ஏதோ ஒரு மின்னூட்டத் துகள் தாக்கியதால் இருக்கலாம் என்றார்கள். மேசையில் இரண்டு நாளுக்கு மேல் விடாமல் ஓட்டியிருந்தால் அகப்பட்டிருக்கக்கூடிய பிழை. எங்களிடமும் ஒன்று இருந்தது. மில்லிநொடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் எண்ணிக்கை சுற்றிவந்து பூஜ்யமாகும். நாங்கள் ஐம்பது நாள் காத்திருக்கவில்லை. எண்ணியை அந்த விளிம்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் ரகசியக் கட்டளை ஒன்றைச் சோதனைக் கருவி வழியாக மட்டும் கொடுக்கும்படி வைத்தோம். ஐந்து நிமிடத்தில் எல்லாக் காலக்கணக்கும் கலைந்தது. திருத்தினோம்.

ரேடியோவில் நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொண்ட விதம் கொஞ்சம் வேடிக்கையானது. 437 மெகாஹெர்ட்ஸில், 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு, சமிக்ஞை சுமார் 151 டெசிபெல் தேய்ந்து வரும். ஒரே அறையில் இரண்டு ரேடியோவும் பேசிக்கொண்டால் அது சோதனையே அல்ல, அரட்டை. ஆகவே நடுவே சமிக்ஞையைத் தேய்க்கும் அட்டெனுவேட்டர்களைக் கோத்தோம். 60 டெசிபெல், பேசியது. 90, பேசியது. 120, அப்போதும் பேசியது. எங்கள் ரேடியோ இவ்வளவு அருமையா என்று அறையே குதூகலித்தது. எனக்கு மட்டும் சந்தேகம். கம்பியை முழுதாகவே கழற்றிவிட்டேன். அப்போதும் பேசியது! சமிக்ஞை கம்பி வழியாகப் போகவே இல்லை. போர்டிலிருந்து நேரே காற்றில் கசிந்து எதிர்ப் போர்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் உலோகப் பெட்டி செய்து, மூடியின் விளிம்பெல்லாம் செம்பு நாடா ஒட்டி, மின்சாரக் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் வடிகட்டி வைத்து, மறுபடி அளந்தோம். நிஜ எண் வந்தது. முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு. அதோடு செயற்கைக்கோள் தலைக்கு மேலே பாய்ந்து போகும்போது டாப்ளர் விளைவால், அதாவது அதன் வேகத்தால், அலைவரிசை இரு பக்கமும் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். அதையும் வைத்துப் பார்த்தபோது தரைநிலைய நிரலை மாற்றி எழுதவேண்டி வந்தது. குதூகலித்தவர்கள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை என்று மிகைப்படுத்தமாட்டேன், ஒரு வாரம் பேசவில்லை.

காந்தக் கூண்டு, அதிர்வு, வெற்றிடம் பற்றியெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விரைவாகக் கடந்துவிடுகிறேன். காந்தக் கூண்டு என்பது செயற்கைக்கோளைச் சுற்றி வேண்டிய காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள்கள். அதைச் செய்வது கடினமில்லை. சதுரச் சுருள்கள் மூன்று ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையிலான தூரம் பக்க அளவில் 0.5445 பங்கு. கடினம், அதை வைக்க இடம் தேடுவது. எங்கள் அளவீடு அவ்வப்போது துள்ளியது. கட்டடத்தின் மின்தூக்கி மேலும் கீழும் போகும் நேரங்களோடு அது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்தபின், இரவில்தான் அளந்தோம்.

அதிர்வு மேடையில் 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை குலுக்குவார்கள். செயற்கைக்கோளை மேடையில் பிடித்துவைக்கும் தாங்கி அந்த எல்லைக்குள் தானே அதிரக்கூடாது. எங்கள் முதல் தாங்கி 600 ஹெர்ட்ஸ் அருகிலேயே தானே அதிர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. அன்றைக்குக் குலுங்கியது செயற்கைக்கோளா தாங்கியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரு நாள் முன்பதிவு வீணானது. வெற்றிட அறையில் வேறு சிக்கல். உள்ளிருந்து வெளியே கம்பி கொண்டுவர இருந்தது 25 பின் வழிதான், எங்களுக்கு வேண்டியிருந்தது நாற்பது. இது அங்கே போய் நின்ற அன்றுதான் தெரிந்தது. எங்கள் சோதனைக் கம்பிகளோ பிவிசி உறை போட்டவை. வெற்றிடத்தில் சூடானால் அவை ஆவி கக்கும், அது கேமரா லென்ஸில் படியும். செயற்கைக்கோளுக்கு மட்டும் டெஃப்லான் கம்பி வாங்கியிருந்தோம், சோதனைக் கட்டுக்கு வாங்கவில்லை. பணம் இல்லை. அதாவது, அந்தத் தலைப்பில் பணம் இல்லை.

வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டோம் என்று அணிகள் உங்களிடம் சொல்லும்போது தயவுசெய்து இதை நினைத்துப் பாருங்கள். அந்த ஆய்வகம் குளிரைத் தரும், சூட்டைத் தரும், வெற்றிடத்தைத் தரும், குலுக்கலைத் தரும். உள்ளே இருப்பவன் நலமா என்று கேட்கும் வேலை அவர்களுடையதல்ல. குலுக்கும்போது, ராக்கெட்டிலிருந்து பிரிந்ததை உணரும் பிரிவு சுவிட்ச் ஒரு மில்லிநொடி விட்டுப் பிடித்ததா, குளிரில் கடிகாரம் எத்தனை நொடி பின்தங்கியது, இதையெல்லாம் கேட்பது அணி கையோடு கொண்டுபோகும் பெட்டிதான். அந்தப் பெட்டி இல்லாமல் போனால் 'உடையவில்லை' என்ற சான்றிதழ் கிடைக்கும். 'ஓடியது' என்பதற்கு அது சான்றல்ல.

சரி, என்ன கேட்கிறேன் என்று நேராகவே சொல்கிறேன். நிதி ஒதுக்கும்போது சோதனைக் கருவிகளுக்குத் தனித் தலைப்பு வையுங்கள். அதிலிருந்து எடுத்து கேமராவுக்குப் போட முடியாதபடி வையுங்கள். எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன், திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் பூஜ்யம் என்று எழுதிவரும் அணியைத் திருப்பி அனுப்புங்கள். முதல் மதிப்பாய்வுக்கு வரும்போது செயற்கைக்கோளின் வடிவத்தோடு சோதனை மேசையின் வடிவமும் வரவேண்டும். ஏனென்றால் சோதிக்க ஒரு வழி வேண்டும் என்பது செயற்கைக்கோளின் வடிவத்தையே மாற்றும். அளக்க ஒரு முனை, வெளியே வர ஒரு கனெக்டர், எண்ணியை நகர்த்த ஒரு கட்டளை என்று. எல்லாம் முடிந்தபின் இவற்றை நுழைக்க இடமிருக்காது. பத்து சென்டிமீட்டரில் நிஜமாகவே இருக்காது.

இரண்டாவது மதிப்பாய்வை உங்கள் மாநாட்டு அறையில் வைக்காமல் அவர்களுடைய ஆய்வகத்தில் வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நாற்காலி போதாமல் இருக்கலாம்.

அப்புறம் மதிப்பெண். இது அற்பமாகத் தோன்றும், தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். செயற்கைக்கோள் முடிய நான்கைந்து ஆண்டு ஆகிறது, மாணவர்கள் இடையிலேயே படித்து முடித்துப் போய்விடுகிறார்கள். வடிவமைத்தவர் போனபின் அணியில் தங்குவது சோதனை மேசையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளும்தான். எங்கள் தகரப் பெட்டியின் மூடியில் '0.4-இல் விழும், ஏன் என்று பக்கம் 31 பார்' என்று எழுதியிருந்தேன். நான் போய் ஒன்றரை ஆண்டு கழித்து, முகமே தெரியாத ஒரு மாணவர் அதைப் பார்த்துவிட்டு, தான் மாற்றிய புதிய ஃபர்ம்வேரில் பழைய பிழை திரும்ப வந்திருப்பதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதினார். இந்த வேலைக்கு எங்கள் படிப்பில் மதிப்பெண் கிடையாது. ஆன்டெனா செய்தவருக்குத் திட்ட அறிக்கை உண்டு, கேமரா செய்தவருக்குக் கட்டுரை உண்டு. சோதனைக் கருவி செய்தவருக்கு 'உதவி' என்ற தலைப்பின் கீழ் பெயர் வரும். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் சோதனைக் கருவியையும் ஒரு ஒப்படைப்புப் பொருளாக எழுதிவிட்டால், கல்லூரிகள் அதற்கு மதிப்பெண் தரத் தானாகவே வழி கண்டுபிடிக்கும். நல்ல பிள்ளைகள் அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்வார்கள்.

எங்கள் செயற்கைக்கோள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்னும் ஏவப்படவில்லை, வரிசையில் நிற்கிறது. ஆகவே நான் சொன்னதெல்லாம் வென்றவனின் பேச்சு அல்ல. மேலே போய் அதுவும் ஊமையாகலாம். அப்படி ஆனால், எதைக் கேட்காமல் விட்டோம் என்று என்னிடம் உள்ள பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கவாவது முடியும். எரிந்துபோன ரேடியோ போர்டும் கண்ணாடிப் பிம்பமான என் பிரிப்புப் போர்டும் அந்த அறைச் சுவரில் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

அடுத்த முறை ஓர் அணி உங்கள் முன்னால் செயற்கைக்கோளை ஓட்டிக் காட்டும்போது, கைதட்டுவதற்கு முன் மேசைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு கம்பி போகும். அதைக் கழற்றச் சொல்லுங்கள். பவர் சப்ளையையும் கழற்றிவிட்டு அதன் சொந்தப் பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு 45 நிமிடம் யாரும் எதையும் தொடாமல், அந்த அறையிலேயே உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன்